ஓணானை மடியிற் கட்டுமுன்

வேலியிற் போன ஓணானைப் பிடித்து மடியிற் கட்டிக்கொண்டவனின் கதையை அறியாத தமிழ் இல்லம் இராது. வேண்டாத தொல்லையை வலிந்து தேடிக்கொள்வோரைச் சுட்ட எம் முன்னோர் கண்ட அவ்வுவமை, இன்று இல்-பிசாரிலும் அயலூர்களிலும் வாழும் எம்மவர் வீடுகள் சிலவற்றில் உவமையாகவன்றி உண்மையாகவே நடந்தேறி வருகின்றது. 'எனது செல்லப் பிராணி' என்னுந் தலைப்பில் எமது பள்ளிச் சிறார் எழுதும் கட்டுரைகளில் முன்னர் நாயும் பூனையும் தங்கமீனுமே இடம்பெறும். இப்பொழுதோ அவுஸ்திரேலியாவின் தாடி ஓணானும், சிறுத்தைப் பல்லியும், சோளப் பாம்பும் அக்கட்டுரைகளுட் புகுந்துள்ளன. எழுத்துப் பிழைகளைத் திருத்திய கையோடு இப்பொருள் பற்றிப் பெற்றோருடன் சிறிது உரையாட விரும்பியே இதனை எழுதுகின்றோம்.

பிள்ளை ஓர் ஓணான் கேட்டதும் எமது வீடுகளிற் பெரும்பாலும் இரண்டிலொரு விடை பிறக்கின்றது. ஒன்று, அருவருப்பினாலும் அச்சத்தினாலும் வரும் 'கூடாது'. ஆமை புகுந்த வீடு உருப்படாது, பல்லி தலையில் விழுந்தால் ஆகாது என்று கேட்டு வளர்ந்தவர்களல்லவா நாம்? மற்றையது, ஆய்க்கினை தாங்காமற் சொல்லும் 'சரி'. நாயென்றால் பனியில் உலாத்த வேண்டும், பூனையென்றால் மயிர் கொட்டும், இதுவோ ஒரு மூலையிற் சத்தமின்றிக் கிடக்கும் என்பது அந்தச் 'சரி'யின் பின்னாலுள்ள கணக்கு. இவ்விரண்டு விடைகளிலும் எமக்கு உடன்பாடில்லை. இரண்டுமே அந்த விலங்கு யாதென அறியாமற் சொல்லப்படுபவை. அவற்றுள்ளும் இரண்டாவதே கூடுதலான துன்பத்தை விளைவிக்கின்றது. சத்தமின்றிக் கிடக்கும் உயிர் சத்தமின்றியே நோயுறும், சத்தமின்றியே இறக்கும்.

முதலில் வயதுக் கணக்கைப் பார்ப்போம். நன்கு பேணப்படும் தாடி ஓணான் பத்தாண்டளவு வாழும். சிறுத்தைப் பல்லி பதினைந்து முதல் இருபது ஆண்டுகள் வரை வாழும். பந்து மலைப்பாம்பு எனப்படும் சிறு மலைப்பாம்பு முப்பதாண்டையும் எட்டும். பத்து வயதுப் பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஒரு சிறுத்தைப் பல்லியை வாங்கினால், அப்பிள்ளை பல்கலைக்கழகம் புகுந்து, வேலை தேடி, ரொறன்ரோவுக்கோ வான்கூவருக்கோ இடம்பெயரும் நாளிலும் பல்லி இங்கேயே இருக்கும். வெட்டுக்கிளியும் புழுவும் வாங்கக் கடைக்குப் போவது யார்? தகப்பனாரே போவார், அன்றேல் ஊரிலிருந்து வந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்கும் அம்மம்மாவின் தலையில் அது விழும். ஆகவே பிள்ளைக்கு வாங்குகின்றோம் என்று எண்ணாது, எமக்கே வாங்குகின்றோம் என்று எண்ணிப் பெற்றோர் முடிவெடுக்க வேண்டும். தாயும் தந்தையும் தாமே விரும்பாத ஊர்வனவொன்றை வீட்டுக்குக் கொண்டுவரலாகாது என்பதே எமது துணிபு.

அடுத்தது வெப்பம். யாழ்ப்பாணத்துக் கிளுவை வேலியில் வெயில் காய்ந்துகொண்டு தலையை ஆட்டிய ஓணானுக்கு எவரும் விளக்குக் கொளுத்தி வைக்கவில்லை. ஞாயிறு இலவசமாகவே எறித்தது. ஊர்வனவற்றின் உடல், எமது உடலைப் போலத் தன் வெப்பத்தைத் தானே பெருமளவில் ஆக்கிக்கொள்வதில்லை. வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறிச் சென்றே அவை தம் உடலைச் சீராக வைத்துக்கொள்கின்றன. உண்ட உணவு செரிப்பதற்கும், நோயை எதிர்ப்பதற்கும், ஓடுவதற்கும் அவற்றுக்கு வெளிச் சூடு வேண்டும். சனவரியில் இருபது பாகைக்குக் கீழே உறையும் இத்தீவில் ஓர் ஓணானை வாங்குவோர், அதனோடு ஒரு ஞாயிற்றையும் வாங்கியாக வேண்டும்.

வளர்ந்த தாடி ஓணானுக்கு நான்கடி நீளமான தொட்டி தேவை. அதன் ஒரு முனையில், விளக்கின் கீழே, நாற்பது பாகை செல்சியஸ் அளவில் வெயில் காயும் கல்லோ மரக்கொம்போ இருத்தல் வேண்டும். மறு முனை இருபத்தைந்து பாகையளவிற் குளிர்ந்திருத்தல் வேண்டும். தொட்டி முழுவதும் ஒரே சூடாயிருப்பது நன்றெனப் பலர் எண்ணுகின்றனர். அது தவறு, ஒதுங்க இடமின்றி விலங்கு வெந்து போகும். சிறுத்தைப் பல்லிக்கு இத்தனை சூடு ஆகாது. அது பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பகுதிகளின் வறண்ட கற்பாங்கான நிலத்துக்குரியது. அந்தி வேளையில் நடமாடுவது. முப்பத்திரண்டு பாகையளவான ஒரு மறைவிடமும், ஈரப் பாசியிட்ட இன்னொரு மறைவிடமும் அதற்குப் போதும். ஈரமில்லாவிடின் சட்டை கழற்றும்போது விரல் நுனிகளில் தோல் இறுகி ஒட்டி, காலப்போக்கில் விரலே விழுந்துவிடும். மின்சாரத்தாற் சூடேறும் செயற்கைக் கற்களைத் தவிர்க்க வேண்டும். வயிற்றுத்தோல் கருகுவதை உணராது அவற்றின்மேற் கிடக்கும் விலங்குகள் பல. சூட்டைக் கையால் தொட்டுப் பார்த்து மதிப்பிடுவதும் வேண்டாம். இரண்டு முனைகளிலும் வெப்பமானி இருக்கட்டும்.

வெப்பம் மட்டும் போதாது, ஒளியும் வேண்டும். புறஊதாக் கதிர்களுள் ஒரு பகுதி தோலிற் பட்டாற்றான் தாடி ஓணானின் உடல் விற்றமின் டீயை ஆக்கும். அவ்விற்றமின் இருந்தாற்றான் உணவிலுள்ள கல்சியம் எலும்பைச் சேரும். இல்லையேல் தாடை இரப்பராய் நெகிழும், கால்கள் வளையும், முதுகு கூனும். யன்னலருகே தொட்டியை வைத்தாற் போதுமென்போர், யன்னற் கண்ணாடி அக்கதிரை மறித்துவிடும் என்பதை அறிவதில்லை. இதற்கென விற்கப்படும் குழாய் விளக்கும் ஆறு மாதத்துக்கும் ஓராண்டுக்கும் இடையில் வலுவிழந்துவிடும். கண்ணுக்கு வெளிச்சம் தெரியும், கதிர் இராது. விளக்கு வாங்கிய திகதியைத் தொட்டியின் மூலையில் எழுதி ஒட்டி வைப்பது நல்ல வழக்கம். நாம் சென்று பார்த்த கடையொன்றில், தாடி ஓணானுக்குச் சாதாரண மின்குமிழே போதுமென்று விற்பனையாளர் உறுதியாய்ச் சொன்னார். விலங்கின் விலை சிறிதென்றும், தொட்டி, விளக்கு, வெப்பமானி ஆகியவற்றின் விலை அதனைப் பன்மடங்கு மிஞ்சுமென்றும் சொன்னால் எவர் வாங்குவார்? அவரை நொந்து பயனில்லை. வாங்குபவரே அறிந்துகொண்டு செல்ல வேண்டும்.

கியூபெக்கின் குடியியற் சட்டம் 2015 டிசெம்பரில் திருத்தப்பட்டபோது, விலங்குகள் பொருட்களல்ல, அவை உணர்வுள்ள உயிர்கள், அவற்றுக்கு உயிரியல் தேவைகள் உள என்ற வாசகம் அதிற் சேர்க்கப்பட்டது. வாடிய பயிர் கண்டு வாடிய வள்ளலாரின் வழியில் வந்த எமக்கு இஃது ஒன்றும் புதிதன்று. எனினும் நாயின் பசியைக் கண்டு இரங்கும் எமது கண், பல்லியின் குளிரைக் காணப் பழகவில்லை.

உணவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வோம். சிறுத்தைப் பல்லி பூச்சிகளை மட்டுமே உண்ணும். தாடி ஓணான் இளமையிற் பூச்சிகளையும் முதிர்ச்சியிற் கூடுதலாகக் கீரைகளையும் உண்ணும். பூச்சிகளின்மேற் கல்சியத் தூளைத் தூவிக் கொடுக்க வேண்டும். பசளிக்கீரையை அள்ளிக் கொடுப்பது கல்சியத்தைக் கெடுக்கும். அவக்காடோ அவற்றுக்கு நஞ்சு. கோடையிற் பிள்ளைகள் பிடித்துவரும் மின்மினிப் பூச்சியோ ஒன்றே ஓர் ஓணானைக் கொல்லப் போதுமானது. பாம்புக்கு உறைந்த எலியை இளக்கி, நீண்ட இடுக்கியாற் கொடுப்பதே முறை. உயிருள்ள எலி பாம்பைக் கடித்துக் குதறிவிடும். அவ்வெலியைப் புட்டும் மீன்குழம்பும் வைக்கும் அதே குளிர்சாதனப் பெட்டியில் வைப்போருக்கு நாம் வேறொன்றும் சொல்வதற்கில்லை. தனிப் பெட்டியொன்று வாங்குங்கள்.

இனிக் கையாளும் முறை. புதிதாய் வந்த விலங்கை ஒரு வாரமாவது தொடாது விடுதல் வேண்டும். இவ்விலங்குகளுக்கு மேலிருந்து இறங்கும் கை பருந்தைப் போலத் தோன்றும். ஆதலாற் பக்கவாட்டில் மெல்ல அணுகி, மார்பையும் நான்கு கால்களையும் உள்ளங்கையால் தாங்கி எடுக்க வேண்டும். சிறுவர் நிலத்தில் அமர்ந்திருந்தே தூக்கட்டும். நின்ற உயரத்திலிருந்து விழுந்தால் ஓணான் பலத்த காயமடையக்கூடும். பல்லியை வாலிற் பிடித்தால் வால் கையோடு வந்துவிடும். ஊர்ப் பல்லியின் வால் துள்ளியதைப் பார்த்துச் சிரித்தோம். ஆனாற் சிறுத்தைப் பல்லிக்கு அவ்வாலே கொழுப்பைச் சேமிக்கும் களஞ்சியம். அதனை இழப்பது பெரும் இழப்பு. இரை விழுங்கிய பாம்பை இரண்டு நாட்களுக்குத் தொடலாகாது. தொட்டால் இரையைக் கக்கிவிடும்.

இவை யாவும் விலங்கின் பாதுகாப்பு. வீட்டாரின் பாதுகாப்பிலேயே எமக்குக் கூடுதலான கவலை. நோயின் அறிகுறி எதுவுமற்ற ஓணானும் ஆமையும் பாம்பும் தம் குடலிற் சல்மொனெல்லா என்னும் கிருமியைக் கொண்டிருக்கக்கூடும். அது மலத்தோடு வெளியேறி, தோலிலும் தொட்டியிலும் நீரிலும் பரவும். பெரியவருக்கு அது சில நாள் வயிற்றோட்டமும் காய்ச்சலுமாய்ப் போகலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கும், முதியவருக்கும், கர்ப்பிணிக்கும், நோயெதிர்ப்புக் குன்றியவருக்கும் அது குருதியிற் கலந்து உயிராபத்தாகலாம். உள்ளங்கையளவு ஆமைக்குஞ்சுகளாற் குழந்தைகள் நோயுற்றதன் விளைவாகவே, 1975இல் அமெரிக்கா நான்கங்குலத்துக்குட்பட்ட ஓடுடைய ஆமைகளின் விற்பனையைத் தடைசெய்தது. கனடாவும் அவ்வாண்டிலேயே ஆமை இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. அஃது ஏதோ பழங்கதையன்று: வீட்டிற் வளர்க்கும் பாம்புகளோடும் அவற்றின் தீனியான எலிகளோடும் தொடர்புடைய சல்மொனெல்லாப் பரவல் பற்றிக் கனடாவின் பொதுச் சுகாதார முகமை 2024இலும் எச்சரித்தது.

மூன்று தலைமுறையினர் ஒரே கூரையின்கீழ் வாழ்வது எமது பெருமை. பேரப்பிள்ளை ஓணானைத் தடவிய கையோடு ஓடிவந்து, சோறு குழைக்கும் அம்மம்மாவின் மடியில் ஏறுவதும், தவழும் தம்பியின் வாயில் விரலை வைப்பதும் அவ்வீடுகளிலேயே நடக்கும். தொட்ட ஒவ்வொரு முறையும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுதல், விலங்கை முத்தமிடாதிருத்தல், அதனைச் சமையலறைக்குள் விடாதிருத்தல், அதன் பாத்திரங்களைச் சமையற் பாத்திரம் கழுவும் தொட்டியிற் கழுவாதிருத்தல் ஆகிய விதிகளைக் கடைப்பிடிக்க இயலாத வீடு ஊர்வனவற்றுக்கு ஏற்ற வீடன்று. கைக்குழந்தை உள்ள வீட்டினர் சில ஆண்டுகள் பொறுப்பதே நன்று. இங்கே நாம் விட்டுக்கொடுக்க ஆயத்தமாயில்லை.

பாம்பு வளர்ப்போர் பூட்டைப் பற்றி ஒருபோதும் அசட்டையாயிருத்தலாகாது. 2013 ஆகத்தில் நியூ பிறன்சுவிக் மாகாணத்துக் கம்பெல்ரன் நகரிலே, ஊர்வன விற்கும் கடையொன்றின் மேன்மாடியில் உறங்கிக்கொண்டிருந்த நான்கும் ஆறும் வயதான சகோதரர் இருவரை, அடைப்பிலிருந்து தப்பிய ஆபிரிக்க மலைப்பாம்பொன்று கொன்றது. சோளப் பாம்பு அவ்வாறு செய்ய வல்லதன்று. ஆயினும் பெருகி வளரும் இனங்களை வீட்டில் வைத்திருக்கும் ஆசை எவருக்கேனும் இருந்தால், அச்சிறுவர் இருவரையும் ஒருகணம் நினைத்துக்கொள்ளட்டும்.

பனிக்கால மின்தடையைப் பற்றி நூல்கள் அதிகம் பேசுவதில்லை. மொன்றியலில் வாழும் நாம் பேசியே ஆகவேண்டும். 1998 சனவரியின் உறைமழையில் வாரக்கணக்கில் இருளில் இருந்த குடும்பங்கள் உண்டு. 2023 ஏப்பிரல் 5ஆம் நாள் உறைமழையில் மரங்கள் முறிந்து கம்பிகள் அறுந்து, கியூபெக்கிற் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் மின்னிழந்தன. எமது மேற்குத் தீவுப் பகுதியும் தப்பவில்லை. விளக்கு அணைந்த தொட்டி சில மணி நேரத்தில் அறையின் குளிரை அடைந்துவிடும். எனவே ஊர்வன உள்ள வீட்டில், மீன்கடைகளிற் கிடைக்கும் வெண்ணுரைப் பெட்டியொன்று காற்றுத் துளையிட்டு ஆயத்தமாயிருத்தல் வேண்டும். சுடுநீர்ப் போத்தலைத் துவாயிற் சுற்றி ஒரு பக்கத்தில் வைத்து, விலங்கைத் துணிப்பையில் இட்டு மறுபக்கத்தில் வைக்கலாம். அவ்வேளை உணவு கொடுக்கலாகாது; குளிர்ந்த வயிற்றில் இரை அழுகும். கரியடுப்பை வீட்டுக்குள் மூட்டிச் சூடேற்ற முயல்வது விலங்கோடு வீட்டாரையும் கொல்லும்.

இவ்வளவையும் கேட்டபின், ஏற்கெனவே வாங்கிவிட்ட சிலர், 'அப்படியானால் கொண்டுபோய்க் காட்டில் விட்டுவிடுவோமே' என்று எண்ணக்கூடும். எமது இல்-பிசாரில் காடும் சதுப்பும் நடைபாதையும் கொண்ட இயற்கைப் பூங்கா இருக்கின்றது, சுற்றிலும் நீர். விடுவிப்பது புண்ணியமென்றும் தோன்றும். இந்த எண்ணத்தை மறுப்பதற்காகவே இக்கட்டுரையின் பெரும்பகுதியை எழுதினோம் எனலாம்.

கியூபெக் மண்ணில் இயற்கையாக வாழும் பல்லியினமோ ஓணானினமோ ஒன்றேனும் இல்லை. இங்கே விடப்படும் தாடி ஓணான் இலையுதிர் காலத்தின் முதற் குளிரிலேயே மடியும். ஆமையின் கதை வேறு. கடைகளிற் குஞ்சாய் விற்கப்பட்ட சிவப்புக் காது ஆமை உணவுத் தட்டளவு பெருத்து, இருபது முப்பது ஆண்டுகள் வாழும். தொட்டி போதாமற் குளத்தில் விடப்படும். அது குளிரைத் தாங்கிப் பிழைக்கவும் கூடும். எமது தீவைத் தழுவும் இரண்டு மலை ஏரியில், ஓட்டின்மேல் நிலப்படம் வரைந்தாற் போன்ற கோடுகளையுடைய வரைபட ஆமைகள் வாழ்கின்றன. பனிக்காலம் முழுவதும் ஏரியின் அடியிற் பனிக்கட்டியின் கீழே கிடந்து, வசந்தத்தில் எழுந்து மரக்குற்றிகளில் வெயில் காயும் இவ்வினம், பருவமடையவே பல்லாண்டு எடுப்பது. கியூபெக் அரசாற் பாதிப்புக்குள்ளாகக்கூடியதென வகைப்படுத்தப்பட்டது. அதன் குற்றியையும் இரையையும் வந்தேறிய ஆமை பறிக்கும். அறியா நோயையும் கொண்டுவரும்.

இதன் முடிவு எங்கே கொண்டுசெல்லும் என்பதற்குப் புளோரிடா சான்று. வளர்த்தவர் கைவிட்டும் தப்பியும் போன பர்மிய மலைப்பாம்புகள் அங்குள்ள எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்திற் பெருகின. 2012இல் வெளியான ஆய்வொன்றின்படி, பாம்புகள் நெடுநாள் நிலைத்த பகுதிகளில் இரவுச் சாலையோரங்களிற் காணப்பட்ட ரக்கூன்களின் தொகை 99 விழுக்காட்டளவு வீழ்ந்திருந்தது. அமெரிக்கரின் நாய்களும் கருவிகளும் தடுமாறியபோது, 2017இல் அவர்கள் யாரை அழைத்தார்கள் தெரியுமா? செங்கற்பட்டுப் பக்கத்து இருளர்களான மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும். ஆங்கிலம் அறியாத அவ்விருவரும் கடப்பாரையோடு புல்லுக்குட் புகுந்து, தடத்தையும் எச்சத்தையும் பார்த்தே நான்கு வாரத்துக்குள் 27 மலைப்பாம்புகளைப் பிடித்தனர். 2023இல் இந்திய அரசு இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கியது. எமது பிள்ளைகள் இப்பெயர்களை அறிந்திருக்க வேண்டும். அறிந்து பெருமைகொள்ளவும் வேண்டும். ஆனால் அவ்விருவரும் உலகத்தின் மறுகோடிக்குப் பறந்துசென்று பிடித்தவை, எவரோ ஒருவர் தம் பிள்ளைக்கு ஆசையாய் வாங்கிக்கொடுத்த பாம்புகளின் வழித்தோன்றல்கள் என்பதையும் அவர்கள் அறியட்டும். அவர்களாலும் அச்சதுப்பை முற்றாகத் துப்புரவாக்க முடியவில்லை.

இடையில் ஒன்று. விடுமுறைக்கு ஊர் செல்வோர், வன்னியிலோ தமிழகத்திலோ காணும் நட்சத்திர ஆமையின் அழகில் மயங்கி ஒன்றைக் கொண்டுவர எண்ணலாகாது. இலங்கையிலும் இந்தியாவிலும் அது சட்டத்தாற் காக்கப்படும் உயிர். 2019இலிருந்து அதன் பன்னாட்டு வணிகமும் தடைசெய்யப்பட்டுள்ளது. உறவினர் பெட்டியிற் போட்டுத் தந்ததென்று சொல்வதை எந்தச் சுங்க அதிகாரியும் ஏற்கமாட்டார். இங்குள்ள ஏரிக்கரையிற் காணும் ஆமையையும் வீட்டுக்குக் கொண்டுவர கியூபெக் சட்டம் இடந்தருவதில்லை.

ஊர்வனவற்றைக் காணும் ஆவல் பிள்ளைக்கு இருந்தால், வாங்குமுன் செந்த் ஆன் த பெல்வூவிலுள்ள ஈக்கோமியூசியத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். 1988இலிருந்து இயங்கும் அவ்விடம் எமது தீவிலிருந்து தொலைவில்லை. இயற்கைக்குத் திரும்ப இயலாத உள்ளூர் விலங்குகளே அங்கு பேணப்படுகின்றன. இந்நாட்டு ஆமைகளையும் பாம்புகளையும் அங்கே அருகிற் கண்டு, வளர்ப்போரிடம் கேள்வி கேட்கலாம்.

ஏற்கெனவே வாங்கி, இனிப் பேண இயலாதென்று உணர்ந்தவர்கள், முதலில் ஊர்வனவற்றைப் பார்க்கும் மிருக வைத்தியரொருவரிடம் கேளுங்கள். எல்லா மிருக வைத்தியரும் அவற்றைப் பார்ப்பதில்லை. அடுத்து விலங்குக் காப்பகங்களுக்குத் தொலைபேசியெடுத்து, குறித்த இனத்தை ஏற்பார்களா என்று விசாரியுங்கள். இடம் கிடைக்கச் சில வாரங்கள் செல்லலாம். அதுவரை விளக்கை அணைக்காதீர்கள். பிரஞ்சில் உரையாடத் தயங்கும் பெற்றோருக்கு எமது மேல்வகுப்பு மாணவர் பேசி உதவுவர். சனிக்கிழமைகளில் வகுப்பு முடிந்ததும் பள்ளி வாசலில் எம்மைக் காணலாம்.